மத்தியானத்தில் மட்டும் உரசிய பிரேக்

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். நியாயமான கேலிதான். தஞ்சாவூரைச் சுற்றி ஏறி இறங்கியே ஆக வேண்டுமென்றால் மேம்பாலம் ஒன்றுதான் கதி. ஆனால் வாய்க்கால் கரையிலும் வண்டித் தடத்திலும் அன்றாடம் போய்வருகிறவனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மழை பெய்த களிமண்ணில் அந்தத் தடித்த டயரும், ஒரு விரலால் தொட்டாலே நிற்கிற டிஸ்க் பிரேக்கும் எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அவன் சொல்வான்.

நான் கடையை விட்டு ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகின்றன. இப்போது அங்கே வேலை பார்க்கிற தம்பிகள் என்னை விட்டபாடில்லை. வாரம் ஒருமுறையாவது போனில் ஒரு குரல் பதிவு வந்துவிடும். "தங்கராசண்ணே, டிஸ்க்கு உரசுது. காலிப்பரை நேராக்கிட்டேன். வீடியோவுல சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சிட்டேன். இன்னும் உரசுது." எல்லாப் பதிவும் கிட்டத்தட்ட இதே பாட்டுதான். அவர்கள் வீடியோவைப் பார்க்கிறார்கள், சைக்கிளைப் பார்க்கிறார்கள். ஓட்டுகிற ஆளைப் பார்க்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டி அனுப்புவதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சைக்கிள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். சக்கரத்தின் நடுவில் தட்டுப்போல ஒரு டிஸ்க் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேட். பேட்டைத் தாங்குகிற கூட்டுக்குக் காலிப்பர் என்று பெயர். கைப்பிடியிலுள்ள லீவரை அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் காலிப்பரின் பிஸ்டன்களைத் தள்ளும், பேட் டிஸ்கைக் கவ்வும். லீவரை விட்டால் பேட் விலகும். விலகுகிற தூரம் ஒரு தாள் நுழைகிற அளவுதான். அந்த இடைவெளி இல்லாமல் போனால், பிரேக் பிடிக்காதபோதும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். இதுதான் எங்கள் தொழிலின் நித்திய தலைவலி.

நான் இந்தத் தலைவலிக்கு வந்து சேர்ந்தது வயதான பிறகுதான். பஞ்சர் ஒட்டித் தொடங்கினேன், கோணல் ரிம்மை நேராக்கப் பழகினேன், ரப்பர் கட்டை பிரேக்கில் கை தேர்ந்தேன். தெற்கு வீதிப் பக்கம் ஒரு பெரிய கடையில் தலைமை மெக்கானிக் ஆனேன். பிறகு கியர் சைக்கிள் வந்தது, அதன் பின்னாலேயே எண்ணெயில் வேலை செய்கிற பிரேக்கும் வந்தது. இருபது வருஷத்து வாழ்க்கை இந்த நான்கு வரிக்குள் அடங்கிவிட்டது. பரவாயில்லை, சொல்ல வந்தது சபியாம்மாவைப் பற்றி.

சபியாம்மாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர். கணவரோடு வளைகுடாவுக்குப் போனவர், அங்கே ஒரு சைக்கிள் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். பில் போடுகிற மேஜையிலிருந்து பட்டறை மேஜைக்கு எப்படி நகர்ந்தார் என்று கேட்டால், "பில்லு போட்ட சைக்கிளெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சுண்ணே, ஏன்னு பாக்கப் போனேன்" என்பார். ஊர் திரும்பியதும் எங்கள் முதலாளி அவரை சர்வீஸ் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போட்டார். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, அவருக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, ஏனென்றால் அவர் வேலை செய்வதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குரல் உயராது. வேலை தொடங்கும்முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். புடவைமேல் ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் துணியை இறுகக் கட்டி முடிச்சைப் பின்னால் தள்ளிவிட்டிருப்பார். சைக்கிள் வந்ததும் அதைத் தொடமாட்டார், கொண்டு வந்தவரை உட்காரவைத்துப் பேசச் சொல்வார். பேச்சு முடியும்வரை எங்களையும் தொடவிடமாட்டார். அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முன்னாலேயே, "இன்னும் தெரியலைங்க" என்று சொல்வார். எங்கள் தொழிலில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தெரியாவிட்டால் ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பதுதான் வழக்கம். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது கடையின் மானமே போய்விட்டது என்று நினைத்தேன். வந்தவரோ நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தன் சைக்கிளை ஒருவர் உண்மையாகவே பார்க்கப்போகிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒரு சமயம் ஒரு புது சைக்கிள் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் யானை பிளிறுகிற மாதிரி கத்தியது. டிஸ்கைத் துடைத்தோம், பேட்டை மாற்றினோம். மறுநாளே மறுபடி கத்தியது. சபியாம்மா கழற்றிய பேட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "யாரு வடை சாப்பிட்டது?" என்று கேட்டார். எதிர்த்த டீக்கடை மெதுவடையை நான்கு மணிக்குத் தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேட் மாட்டுகிற ஆள் கடையில் ஒருவர்தான். அன்றிலிருந்து சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் டிஸ்கைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு முழுமுதற் காரணம் அடியேன்தான்.

ஆயுத பூஜைக்குக் கடையிலுள்ள எல்லா சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைப்போம். பளபளக்கிற இடத்துக்குத்தான் கை போகும், டிஸ்க்தான் பளபளவென்று இருக்கும். அவர் வந்த முதல் வருஷம், கிண்ணத்தோடு நான் கிளம்பியதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "அண்ணே, ஹேண்டில்பாருக்குக் கீழ நெத்தி மாதிரி இடம் இருக்கு பாருங்க, அங்க வைங்க, அழகா இருக்கும். டிஸ்க்குல வச்சா பேட்டு சந்தனத்தைக் குடிச்சிரும்." பொட்டு வைக்காதே என்று சொல்லவில்லை, எங்கே வைக்கலாம் என்று இடம் பார்த்துக் கொடுத்தார். பொரிகடலையில் முதல் பொட்டலத்தை அந்த வருஷம் முதல் அவரிடம்தான் கொடுத்தோம்.

இனி அந்த மத்தியானப் பிரேக் கேஸுக்கு வருகிறேன்.

குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரப்போகிற சமயம். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. காலையில் கடை திறந்த கையோடு, சந்தைக்குக் காய் ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோவிலிருந்து ஒரு பழைய மலைச் சைக்கிளை இறக்கினார்கள். கூடவே ஒரு கணவன் மனைவி. அவர் பெயர் கலியபெருமாள், திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா பெயர் சரோஜா. சைக்கிளைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தது. பழையதுதான், ஆனால் சங்கிலியில் தூசி இல்லை, ஒவ்வொரு ஸ்போக்கும் துடைத்து வைத்திருந்தது.

"இதை வித்துக் குடுங்க" என்றார் கலியபெருமாள்.

விற்க வருகிற பழைய சைக்கிளுக்கும் சபியாம்மாவிடம் ஒரு முறை உண்டு. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்காமல் வாங்கமாட்டார். குறை இருந்து விற்றால் அந்தக் குறை அடுத்தவன் தலையில் விழும் என்பார்.

"நல்லா வச்சிருக்கீங்களே ஐயா. ஏன் விக்கறீங்க?"

"சைக்கிள்ல ஒண்ணும் இல்லைம்மா. எனக்குத்தான் முடியலை."

மீதியை சரோஜா அம்மா சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து, இதயத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டாக்டர் மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று சொன்னதால் சென்னையில் வேலை பார்க்கும் மகன் யாரிடமோ பழையதாக இதை வாங்கி அனுப்பினான். சம்பா முழுக்க வயலுக்கு இதில்தான் போய்வந்தார். இந்தப் பங்குனியிலிருந்து முடியவில்லை. வயலிலிருந்து வீடு திரும்புவதற்குள் மூச்சு முட்டுகிறது, வழியில் இறங்கி இறங்கி நிற்கிறார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"போன வாரங்கூடக் காட்டினோம். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு" என்றார் அந்த அம்மா.

"அவரு மிஷினைப் பாத்துச் சொல்றாரு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றார் கலியபெருமாள். "நெஞ்சு சொல்லிருச்சும்மா, போதும்னு. நெலத்தைக் குத்தகைக்கு விடப் பேசிட்டோம். நாளைக்குக் காலையில வெத்தலை பாக்கு மாத்துறோம். வயலே இல்லைன்னா சைக்கிளு எதுக்கு?"

நான்கு மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றேகால் சொச்சம். அவர் அப்பா அம்மா இரண்டு பேரும் அந்த வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அதே வயலை வாங்கியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை, சைக்கிள் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சரோஜா அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ராத்திரியில இவரு மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டேதாங்க படுத்திருக்கேன், ரெண்டு வருசமா. நெலம் போனாப் போவுது. ஆளு இருந்தாப் போதும்."

 சட்டென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. சபியாம்மா கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

"காலையில வயலுக்குப் போகும்போது எப்படி இருக்கும்?"

"அப்ப ஒண்ணும் தெரியாது. பாட்டு பாடிக்கிட்டே போவேன்."

"வரும்போதுதான் முடியலை?"

"ஆமாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவேன்ல, அப்பத்தான்."

"வரும்போது சுமை எதாவது ஏத்துவீங்களா?"

"ஒரு புல்லுக்கட்டுகூட இல்லை."

"எதிர்க்காத்தா?"

"இல்லைம்மா. பாதி நாள் காத்து முதுகுலதான் அடிக்கும்."

"வயல்ல சைக்கிளை எங்க நிறுத்துவீங்க?"

"வரப்பு மேலதான். அங்க நெழலு ஏது?"

சபியாம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றினார். "இன்னும் தெரியலைங்க" என்றார். "ஆனா இன்னைக்குப் பொழுது வரைக்கும் சைக்கிளை விக்க வேணாம். எங்ககிட்ட இருக்கட்டும்."

சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினேன். பின் சக்கரத்தைச் சுழற்றினால் நின்றபாடில்லை. முன் சக்கரமும் அப்படித்தான், ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிர்ரென்று மெல்லிய சத்தம். ஆக்சிலைத் தளர்த்தி, சக்கரத்தை அதன் இடத்தில் சரியாக உட்காரவைத்து, மறுபடி இறுக்கினேன். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து இடைவெளியைப் பார்த்தேன். டிஸ்க் ஓரிடத்தில் முடியளவு வளைந்திருந்தது, அதை இடுக்கியால் நேராக்கினேன். சிர் சத்தம் போய்விட்டது. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே இறுக்கி நடுவில் நிறுத்தினேன். தம்பிகள் பார்க்கிற எல்லா வீடியோவும் இங்கே முடிந்துவிடும்.

"சுத்தமா இருக்கும்மா" என்றேன்.

"இருக்குண்ணே" என்றார் அவர். "இங்க இருக்கு. ஃபேனுக்கு அடியில, நிழல்ல இருக்கு. இதை வெளியில கொண்டுபோய் வெயில்ல வைங்க."

கடை வாசலில் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை அங்கே நிறுத்தினேன். ரோட்டில் போனவர்கள் விற்பனைக்கா என்று கேட்டார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் டீ வந்தது, பிறகு எலுமிச்சைச் சாதம் வந்தது. சபியாம்மா வேறு வேலைகளைப் பார்த்தார். நடுவில் ஒரு தரம் வெளியே போய், லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு இன்னொரு தரம். உச்சி வெயில் ஏறியபோது என்னைக் கூப்பிட்டார். "பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்துங்கண்ணே."

சுற்றினேன். முழுதாக ஒரு சுற்றுகூட வரவில்லை, யாரோ பிடித்து நிறுத்தின மாதிரி நின்றது. முன் சக்கரமும் அதே கதி. காலையில் சுழன்ற சுழற்சிக்கு இது வேறொரு சைக்கிள்.  நாற்காலியிலிருந்து கலியபெருமாள் எழுந்தே விட்டார். சபியாம்மா மட்டும் லீவரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "தொட்ட உடனேயே கல்லு மாதிரி இருக்கு பாருங்க. காலையில இதுல கொஞ்சம் இடம் இருந்துச்சு."

சைக்கிளை உள்ளே எடுத்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினோம். பேட்டை உருவினோம், இன்னும் கனமாகப் புதிதாக இருந்தது. பிஸ்டன் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் இப்படி உரசும். அதனால் அதைத் துடைத்து, பிளாஸ்டிக் நெம்புகோலால் உள்ளே தள்ளினேன். போக மறுத்தது. அழுத்தித் தள்ளினால் போய்விட்டு, கையை எடுத்ததும் மெல்ல வெளியே வந்தது. சபியாம்மா ஒரு துணியை லீவரைச் சுற்றிக் கட்டிவிட்டு, அதன் தலையிலிருந்த சின்ன எண்ணெய்த் தொட்டியின் மூடித் திருகைத் தளர்த்தினார். எண்ணெய் பொங்கிக்கொண்டு துணியில் வழிந்தது. சுத்தமான, நிறம் மாறாத எண்ணெய்.

"ஐயா, இதுல எண்ணெய் யாரு ஊத்துனது?"

"நான்தாம்மா" என்றார் கலியபெருமாள், கொஞ்சம் பெருமையாக. "ஆயுத பூசைக்கு பம்புசெட்டு இஞ்சினைக் கழுவி ஆயில் ரொப்புவேன்ல, அதோட இதுக்கும் ரொப்பினேன். தொறந்து பாத்தா எறங்கிப் போயிருந்துச்சு. மகன்கிட்டக் கேட்டு இதுக்குன்னு உள்ள எண்ணெயைத்தான் வாங்கி ஊத்தினேன். பூசையன்னைக்குக் கொறையா வைக்கலாமா? தளும்பத் தளும்ப ரொப்பி மூடினேன்."

"அப்புறம் பேட் எப்ப மாத்துனீங்க?"

"மாசியில. தேஞ்சு போச்சுன்னு எங்கூருப் பக்கத்துல ஒருத்தர் மாத்திக் குடுத்தாரு."

சபியாம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். நான் அவரிடம் மிகவும் மதித்தது இந்த உட்காருதலைத்தான். கண்டுபிடித்தவன் நின்றுகொண்டு பேசுவான். அவர் உட்கார்ந்து, கேட்பவர் கண்மட்டத்துக்கு வந்துதான் பேசுவார்.

"பேட் தேயத் தேய எண்ணெய் கீழ எறங்கும், ஐயா. பேட் விட்ட எடத்தைப் பிஸ்டன் எடுத்துக்கும், பிஸ்டனுக்குப் பின்னால எண்ணெய் போய் நிக்கும். அது கொறைஞ்சது இல்லை, எடம் மாறினது. நீங்க அந்த நேரத்துல மேல தளும்ப ஊத்திட்டீங்க. அப்புறம் கனமான புதுப் பேட்டு போட்டாங்க. பின்னால நின்ன எண்ணெய் எல்லாம் திரும்பி மேல வரணும். மேல எடம் இல்லை. வெயில்ல எண்ணெய் விரியும். விரியறதுக்கும் எடம் இல்லை. அது எங்க போகும்? பிஸ்டனைத் தள்ளும்."

கலியபெருமாள் துணியில் வழிந்திருந்த எண்ணெயைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வடிகால் இல்லாத வயல்ல கரை முட்டத் தண்ணி கட்டிட்டேன்னு சொல்றீங்க."

"அதேதான்."

"மேல மழை பேஞ்சிருக்கு."

"உங்க சைக்கிள்ல வெயிலு பேஞ்சிருக்கு" என்றார் சபியாம்மா.

அப்போதுதான் கலியபெருமாள் சிரித்ததைப் பார்த்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சரோஜா அம்மா சிரிக்கவில்லை. இன்னும் நம்பவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அடுத்த வேலையை சபியாம்மா தன் கையாலேயே செய்தார். பிஸ்டன்களுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து அவற்றை முழுதாக உள்ளே தள்ளி நிறுத்தினார். லீவரின் தலையில் சிறிய புனல் போன்ற குவளையைத் திருகி, கூடுதல் எண்ணெய் அதில் மேலேறி வரும்வரை காத்திருந்தார். குழாயை விரலால் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். குமிழி வருவது நின்ற பிறகும் இன்னும் சிறிது நேரம் தட்டினார். உள்ளே விரிந்து சுருங்குகிற ரப்பர் சவ்வைச் சரியாகப் படியவைத்து மூடினார். முன் பிரேக்குக்கும் முதலிலிருந்து அதே வேலை, அதே நிதானம். பின் பிரேக் முடிந்துவிட்டதே என்று ஒரு துளிகூட வேகம் கூட்டவில்லை. மறுபடி சக்கரத்தை மாட்டி, காலிப்பரை நடுவில் நிறுத்தி, தாள் பிடித்துப் பார்த்தோம். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, "வெயில்ல வைங்கண்ணே" என்றார்.

வைத்தோம். தார் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. காத்திருந்துவிட்டு வந்து சுற்றினேன். சக்கரம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. வழியில் போன ஒரு ஆள் நின்று வேடிக்கை பார்த்தார்.

"அப்ப என் நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார் கலியபெருமாள்.

வேறு யாராக இருந்தாலும், ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன், அவர் கேட்ட விதம் அப்படி. சபியாம்மா சொல்லவில்லை. "ஐயா, நான் சைக்கிளைப் பத்தி மட்டும்தான் சொல்ல முடியும். மத்தியானத்துல உங்க சைக்கிள் உங்களைப் பிடிச்சு இழுத்துச்சு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மிதிச்சா எனக்கும் மூச்சு முட்டும், தங்கராசண்ணனுக்கும் முட்டும். உங்க நெஞ்சைப் பத்தி உங்க டாக்டர் சொல்லிட்டாரு. அவரு சொன்னதை நம்பாம இருக்க ஒரு காரணம் இருந்துச்சு. அந்தக் காரணம் இப்ப இல்லை."

"ஓட்டிப் பாக்கவா?"

"வெயில் கொஞ்சம் தாழட்டும். சைக்கிள் வெயில்லயே நிக்கட்டும், நீங்க நிழல்ல இருங்க. தனியாப் போக வேணாம், நானும் கூட வரேன்."

வெயில் தாழ்ந்ததும், புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயின் கரைக்குப் போனோம். சபியாம்மா கடைச் சைக்கிள் ஒன்றில் அவருக்குப் பக்கத்தில், நான் மொபெட்டில் சரோஜா அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால். ஆறு வறண்டு கிடந்தது. கரைப் பாதை கரடுமுரடாக இருந்தாலும் நிழல் இருந்தது. முதலில் அவர் பயந்து பயந்து மிதித்தார், எந்த நேரத்திலும் இறங்கத் தயாராக ஒரு காலைத் தொங்கவிட்டபடி. கொஞ்ச தூரத்தில் அந்தக் கால் மிதிக்கு வந்தது. சபியாம்மா அவரிடம் விதைநெல் ரகம் பற்றி என்னவோ கேட்டுக்கொண்டே போனார். ஆள் பேசிக்கொண்டே ஓட்டினால் மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று தானாகத் தெரிந்துவிடும் அல்லவா. அவர் விலாவாரியாகப் பதில் சொல்லிக்கொண்டு போனார். எந்த ரகம் சாயும், எது எத்தனை நாளில் கதிர் வாங்கும் என்று விடாமல் பேசினார். என் முதுகுக்குப் பின்னால் சரோஜா அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் கை என் தோளைப் பிடித்திருந்தது, பிடி இறுகியது.

பாலம் வரை போய்த் திரும்பி அதே தூரத்தை வந்தார். எங்கும் இறங்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். நான் பயந்துபோய் மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். "நான் செத்துப் போயிட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "மூணு மாசமா நடைபொணமாத் திரிஞ்சேங்க."

சரோஜா அம்மா வந்து நடுப் பாதையில் எங்கள் எல்லார் முன்னிலையிலும் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அவருடைய மூச்சு சாதாரணமாக வந்துபோவதைக் கையாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சபியாம்மாவைப் பார்த்து, "இன்னொரு தடவை ஓடச் சொல்லுங்கம்மா" என்றார். "நான் முன்னால இருந்து, மூஞ்சியைப் பாக்கணும்."

இன்னொரு தடவை ஓடினார். அந்த அம்மா கரையோரம் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன், ஆனால் அவரை அல்ல. பக்கத்தில் நின்றிருந்த சபியாம்மா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உரசுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு வேலை முடியவில்லை. இந்தத் தொழிலில் இவருக்குக் கீழே வேலை பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதே எனக்குப் போதும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கலியபெருமாள் சைக்கிளிலேயே ஊருக்குக் கிளம்பினார். மெதுவாகப் போக வேண்டும், நடுநடுவே நின்று இளைப்பாற வேண்டும், போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும் என்று சபியாம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பஸ் ஏற்றிவிட சரோஜா அம்மாவை நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன்.  திருவையாறு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் போனை எடுத்தார். எதிர்முனையில் இருந்தது நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டவர் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"அண்ணே, நாளைக்குக் காலையில வெத்தலை பாக்கோட வராதீங்க" என்றார். "இல்லைண்ணே, வேற யாருக்கும் குடுக்கலை. எங்க வீட்டுக்காரரே நடுறாரு."